பீச் காப்ளர்: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆழமான பாத்திரத்தில் பழத்துண்டுகளைச் சர்க்கரையுடன் பரப்பி, அவற்றின்மேல் மாவைச் சிறு சிறு குவியல்களாக வைத்துச் சுட்டெடுத்து, சூடு ஆறுவதற்குள் கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் பரிமாறும் இனிப்புக்கு அமெரிக்காவில் காப்ளர் என்று பெயர். அந்நாட்டின் தென்மாநிலங்களில் கோடைக்காலத்து ஞாயிறு மதிய விருந்துகள் பல, பீச் காப்ளரோடுதான் நிறைவு பெறுகின்றன. கேக்குக்கு வேண்டிய நுணுக்கமோ, மாவை மெல்லியதாகத் தேய்த்துப் பழத்தை மூடிச் சுடும் பைக்கு வேண்டிய கைத்தேர்ச்சியோ இதற்குத் தேவையில்லை. முட்டையும் சேர்ப்பதில்லை என்பதால், முட்டை புழங்காத வீடுகளிலும் எந்த மாற்றமும் இன்றி இதனைச் செய்யலாம்.

ஆயினும் முதன்முறை செய்பவர்களில் பலர் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். மேலே மாவு பொன்னிறமாகச் சிவந்து, வெந்துவிட்டது போலவே தோன்றும். கரண்டியை உள்ளே விட்டுப் புரட்டினால் அடிப்பக்கம் வேகாமல் பசைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். நான் முதலில் செய்த காப்ளரும் அப்படித்தான் ஆயிற்று. இன்னும் பத்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும் என்று மீண்டும் ஓவனில் வைத்தேன். மேற்பகுதி கருகியதே தவிர, அடிப்பகுதி அப்படியே இருந்தது. இதற்கான காரணம், இந்த இனிப்பு எந்தப் பாத்திரத்தில், எந்த நெருப்பில் பிறந்தது என்பதில் அடங்கியிருக்கிறது. ஆகவே அதன் வரலாற்றைச் சொல்லிவிட்டுச் செய்முறைக்கு வருகிறேன். இங்கே வரலாறு தெரிந்தால் கையும் தானாகத் திருந்தும்.

இரும்புச் சட்டியில் பிறந்த இனிப்பு

இங்கிலாந்திலிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்று குடியேறியவர்கள் தங்கள் ஊரில் இருவகை இனிப்புகளைச் செய்து பழகியிருந்தார்கள். ஒன்று, பழத்தை மாவில் பொதிந்து செங்கல் அடுப்பில் சுடும் பை. மற்றொன்று, மாவையும் கொழுப்பையும் பழத்தையும் துணியில் கட்டிக் கொதிநீரில் வேகவைக்கும் புட்டிங். புதிய நாட்டில் மேற்கு நோக்கி நகர நகர, செங்கல் அடுப்பும் நல்ல மாவும் பாத்திரங்களும் அரிதாயின. கையில் எஞ்சியது கனமான ஓர் இரும்புச் சட்டி. டச்சு ஓவன் என்று அழைக்கப்பட்ட அந்தச் சட்டிக்கு அடியில் மூன்று குட்டைக் கால்களும், மேலே விளிம்பு உயர்ந்த தட்டையான மூடியும் இருந்தன. கால்களுக்கு இடையே தணலைத் தள்ளலாம். மூடியின்மேலும் தணலைப் பரப்பலாம், விளிம்பு இருப்பதால் அது உள்ளே சரியாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் பிரியாணியைத் தம் போடும்போது மூடியின்மேல் தணல் பரப்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, வெப்பம் மேலிருந்தும் கீழிருந்தும் ஒருசேர வருகிறது என்பதாகும். கீழே உள்ள தணல் பழத்தைக் கொதிக்கவைக்கும். கொதிக்கும் பழம் மாவின் அடிப்பக்கத்தை வேகவைக்கும். மேலே உள்ள தணல் மாவின் முகப்பைச் சிவக்கவைக்கும். இன்றும் திறந்தவெளியில் டச்சு ஓவனில் சமைப்பவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். சட்டியின் குறுக்களவு எத்தனை அங்குலமோ அதனுடன் மூன்றைக் கூட்டி, அத்தனை கரித்துண்டுகளை மூடியின்மேலும், மூன்றைக் கழித்து அத்தனை துண்டுகளை அடியிலும் வைக்க வேண்டும். 12 அங்குலச் சட்டி என்றால் மேலே 15, கீழே 9. இது ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தரும். நம் வீட்டு ஓவனில் காற்று சூடாகிறதே தவிர, பழத்துக்கு நேர் அடியில் தணல் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்வதே பின்வரும் செய்முறையின் முதன்மையான நோக்கம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் அதே சொல்தான் இந்த இனிப்புக்கும் வழங்குகிறது. கைக்குக் கிடைத்தவற்றை வைத்து ஒட்டுப்போட்டுச் சேர்த்தல் என்னும் பொருளுடைய வினைச்சொல்லிலிருந்து வந்தது என்று சிலரும், சுட்ட மாவின் மேற்பரப்பு உருண்டைக் கற்கள் பாவிய பழைய தெருவைப்போலத் தோன்றுவதால் வந்தது என்று சிலரும், மரக்கிண்ணத்தைக் குறித்த ஓர் இடைக்கால ஆங்கிலச் சொல்லின் எச்சம் என்று வேறு சிலரும் கூறுவர்; அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. பழைய அடுப்பும் பழைய பொருட்களும் இல்லாத இடத்தில், இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றப் பிறந்த பண்டம் என்பதால், முதல் விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அச்சில் இந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டில் தென்படத் தொடங்குகிறது. 1839ஆம் ஆண்டில் லெட்டிஸ் பிரயன் என்னும் பெண்மணி எழுதி வெளியிட்ட 'தி கென்டக்கி ஹவுஸ்வைஃப்' என்னும் சமையல் நூலில், பீச் பழத்தைச் சட்டியில் இட்டுச் செய்யும் ஒரு பைக்குக் காப்ளர் என்ற பெயரும் வழங்குவதாகக் குறிப்பு இருக்கிறது. நன்கு கனிந்த, கொட்டையோடு சதை ஒட்டியிருக்கும் வகைப் பழங்களையே எடுக்குமாறு அவர் சொல்கிறார். விருந்தினருக்கு வைக்கத்தக்க நாகரிகப் பண்டம் இதுவன்று, ஆனால் குடும்பத்தார் உண்பதற்கு மிகச் சிறந்தது, குளிர்ந்த பாலுடன் உண்ணலாம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1859இல் வெளிவந்த ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட்டின் அமெரிக்க வழக்குச் சொல்லகராதி, தடிமனான மாவைச் சட்டியின் உட்புறத்தில் அப்பி அதில் பழத்தை இட்டுச் சுடும் ஒருவகைப் பை என்று இதற்குப் பொருள் கூறுகிறது. அதாவது, அன்றைய காப்ளர் இன்று நாம் காண்பதன்று. மாவு அடியிலும் பக்கங்களிலும் கூட இருந்தது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் பேக்கிங் பவுடர் கடைகளில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, நொடியில் உப்பும் மென்மையான மாவைப் பழத்தின்மேல் மட்டும் வைத்துச் சுடுவது எளிதாயிற்று. அடியில் மாவு வைத்தால் அது ஊறிக் களியாகிவிடும் என்ற கவலையும் அத்தோடு ஒழிந்தது.

பழம் கிடைக்காத இடத்திலும் காப்ளர் நின்றுவிடவில்லை. டெக்சாஸ் மாநிலத்திலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் சென்றவர்களுக்கெனச் சார்லஸ் குட்நைட் என்பவர் 1866இல் ஒரு சமையல் வண்டியை வடிவமைத்தார். அத்தகைய வண்டிகளில் சென்ற சமையற்காரர்கள், உலர்ந்த ஆப்பிளையும் உலர்ந்த பீச்சையும் நீரில் ஊறவைத்து, வழியிலேயே குழி தோண்டித் தணல் பரப்பி, இரும்புச் சட்டியில் காப்ளர் செய்தார்கள். தென்மாநிலங்களிலோ, 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்படும்வரை, பெருந்தோட்ட முதலாளிகளின் அடுக்களைகளில் நின்று சமைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களே. அவர்களுடைய கைப்பக்குவம்தான் பீச் காப்ளரை இன்றைய சுவைக்குக் கொண்டுவந்தது. ஜாதிக்காயும் இலவங்கப்பட்டையும் மணக்க, பாகு தளதளவென்று நிற்கச் செய்யப்படும் காப்ளர், கறுப்பின மக்களின் ஞாயிறு விருந்துகளிலும் தேவாலய விருந்துகளிலும், விடுதலையைக் கொண்டாடும் ஜூன் 19 திருநாளிலும் இன்றளவும் இடம்பெற்று வருகிறது. காப்ளரின் வரலாற்றைக் குடியேறிகளின் கதையாக மட்டும் சொல்லி முடிப்பது இவர்களுக்குச் செய்யும் அநீதி.

பீச் பழத்துக்கும் ஒரு நெடிய பயணம் உண்டு. சீனாவில் தோன்றிப் பாரசீகம் வழியாக ஐரோப்பாவை அடைந்த இந்தப் பழத்தை, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கிருந்த தொல்குடி மக்கள் அதனை விரும்பி ஏற்று உள்நாடு முழுவதும் நட்டுப் பரப்பியதால், பின்னர் வந்த ஆங்கிலேயர்கள் பீச் அந்த மண்ணுக்கே உரிய மரம் என்று எண்ணும் அளவுக்குத் தோப்புகள் பெருகியிருந்தன. 1864இல் நவஹோ மக்களைப் பணியவைப்பதற்காக அமெரிக்கப் படைகள் கான்யன் டி ஷே பள்ளத்தாக்கில் அவர்கள் வளர்த்த ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டி வீழ்த்தின என்பதையும், இப்பழத்தைக் கையில் எடுக்கும்போது நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் மார்ஷல்வில் ஊரில் சாமுவேல் ரம்ஃப் என்னும் தோட்டக்காரர் 1870களில் உருவாக்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டிய எல்பர்ட்டா வகை, தொலைதூரப் பயணத்தைத் தாங்கும் உறுதி உடையது. அது தொடர்வண்டியில் வடக்கே சென்று விற்பனையாகத் தொடங்கிய பிறகே ஜார்ஜியாவுக்குப் பீச் மாநிலம் என்ற பெயர் நிலைத்தது. அங்கே 1924இல் உருவான ஒரு மாவட்டத்துக்குப் பீச் என்றே பெயர். அதன் தலைமையிடமான ஃபோர்ட் வேலியில் நடக்கும் பீச் திருவிழாவில், ஊரே உண்ணும் அளவுக்குப் பெரியதொரு காப்ளரைச் சுட்டுப் பகிர்ந்தளிக்கிறார்கள்.

பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

பீச்சில் சதை கொட்டையோடு ஒட்டிக்கொள்ளும் வகை, எளிதில் பிரிந்துவரும் வகை என இரண்டு உண்டு. பிரியும் வகை கிடைத்தால் வேலை மிச்சம். ஒட்டும் வகையே கிடைத்தாலும் குறையில்லை, கொட்டையைச் சுற்றிக் கத்தியால் சீவி எடுத்துக்கொள்ளலாம். காம்பருகே பச்சை நிறம் மாறியிருக்க வேண்டும். முகர்ந்தால் மணம் வர வேண்டும். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் சற்றே இணங்க வேண்டும். குழையக் கனிந்த பழம் பாகில் கரைந்துவிடும். கல்போன்ற பழத்தை வாங்க நேர்ந்தால், காகிதப் பையில் இட்டு இரண்டு மூன்று நாள் வெளியில் வைத்துப் பழுக்கவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் அது பழுக்காது, சதை மாவுபோல் ஆகிவிடும்.

இந்தியச் சந்தையில் மே மாதம் முதல் இமாச்சலம், உத்தராகண்டம், பஞ்சாப் ஆகிய பகுதிகளிலிருந்து பீச் வருகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கூட விளைகிறது. இவை பொதுவாக அளவில் சிறியவை, புளிப்பும் சற்று மிகுந்தவை என்பதால் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். அதே மலைகளிலிருந்து வரும் பிளம்ஸ் பழத்திலும் காப்ளர் மிக நன்றாக அமையும், அதற்குத் தோலைக்கூட உரிக்க வேண்டியதில்லை. டின்னில் அடைத்த பீச்சைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. அமெரிக்காவிலேயே ஆண்டின் பெரும்பகுதியில் பல வீடுகளில் அதைக் கொண்டுதான் செய்கிறார்கள். டின்னிலுள்ள பாகை வடித்துவிட்டு அரைக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, சர்க்கரையை இரண்டு மேசைக்கரண்டியாகக் குறைத்தால் போதும். பாகு முழுவதையும் ஊற்றினால் மாவு அதில் மிதந்து ஊறிப்போகும்.

தேவையானவை

கீழ்க்காணும் அளவு ஆறு முதல் எட்டுப் பேருக்குப் போதும். பாத்திரம் 20 முதல் 23 சென்டிமீட்டர் வரையுள்ள சதுர வடிவிலோ, இரண்டு லிட்டர் கொள்ளும் வேறு வடிவிலோ இருக்கலாம். கண்ணாடி, பீங்கான், எனாமல் பூசிய இரும்பு ஆகியவை ஏற்றவை. பழத்தின் புளிப்பு அலுமினியத்தோடு சேர்ந்தால் உலோகச் சுவை ஏறும் என்பதால் அதனைத் தவிர்ப்பது நல்லது.

பழக்கலவைக்கு: பீச் 1 கிலோ, சர்க்கரை 100 கிராம் (புளிப்பான பழமானால் 125), கார்ன்ஃப்ளோர் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, ஜாதிக்காய்த் துருவல் இரண்டு சிட்டிகை, பட்டைத்தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கார்ன்ஃப்ளோர் என்று நான் சொல்வது கிரேவியைக் கெட்டியாக்கப் பயன்படும் வெண்ணிற மாவு. மஞ்சள் மக்காச்சோள மாவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மேல்மாவுக்கு: மைதா 180 கிராம், சர்க்கரை 3 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 75 கிராம், கெட்டி மோர் 150 மில்லிலிட்டர், மேலே தூவ ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. உப்பு சேர்த்த வெண்ணெயானால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

மோரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் மோர் நாம் தாகத்துக்குக் குடிக்கும் நீர்மோர் அன்று. அது புளிக்கவைத்த, கெட்டியான பால். நம் வீட்டில் முக்கால் பங்கு புளித்த தயிரோடு கால் பங்கு பால் சேர்த்துக் கடைந்தால் அந்தப் பதம் வரும். இதிலுள்ள புளிப்புதான் சோடாவைத் தூண்டி மாவை உப்பவைக்கிறது. மைதாவிலும் ஒரு வேறுபாடு உண்டு. தென்மாநிலத்தவர் விரும்பும் மாவு, புரதம் குறைந்த மென்கோதுமையிலிருந்து அரைத்தது. டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் 1883இல் தொடங்கிய ஒயிட் லில்லி மாவு அதற்குப் புகழ்பெற்றது. நம் மைதாவில் புரதம் சற்று மிகுதி என்பதால், பிசையப் பிசைய அது பரோட்டா மாவின் குணத்தைக் காட்டத் தொடங்கும். எவ்வளவு குறைவாகக் கை படுகிறதோ அவ்வளவு நல்லது என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

செய்முறை

முதலில் தோலை உரிக்க வேண்டும். ஒவ்வொரு பழத்தின் அடியிலும் கத்தியால் மேலோட்டமாக ஒரு பெருக்கல் குறி கீறி, கொதிக்கும் நீரில் முப்பது முதல் அறுபது நொடி வரை இட்டு, உடனே பனிக்கட்டி மிதக்கும் நீருக்கு மாற்றினால், கனிந்த பழத்தின் தோல் விரலால் இழுத்தாலே கழன்றுவிடும். கழல மறுத்தால் பழம் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள். அதனைக் கத்தியால் சீவிவிடுங்கள். உரித்த பழத்தை ஒன்றரைச் சென்டிமீட்டர் தடிமனுள்ள வில்லைகளாக நறுக்குங்கள். இதைவிட மெல்லியதாக நறுக்கினால் ஜாம் போல் குழைந்துவிடும்.

அடுத்து, ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றத் தொடங்குங்கள். சிறிய ஓடிஜி வகை ஓவனானால் மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டும் எரியும்படி வைத்து, குறைந்தது பதினைந்து நிமிடம் சூடேறவிட வேண்டும். காற்றை விசிறிச் சுழற்றும் ஓவனில் 180 டிகிரி போதும். பழக்கலவைக்கான சர்க்கரை, கார்ன்ஃப்ளோர், பட்டைத்தூள், ஜாதிக்காய், உப்பு ஆகியவற்றைத் தனியே உலர்வாகக் கலந்துகொண்டு, பிறகு பழத்தின்மேல் தூவி எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் புரட்டுங்கள். கார்ன்ஃப்ளோரைத் தனியாகப் போட்டால் கட்டி தட்டும். கலவையைப் பாத்திரத்தில் பரப்புங்கள்.

இப்போது வருவதுதான் மிக முக்கியமான படி. மாவை வைக்காமல், பழத்தை மட்டும் ஓவனில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வரை வையுங்கள். ஓரங்களில் சாறு குமிழியிடத் தொடங்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இரும்புச் சட்டியின் அடித்தணல் செய்த வேலையை இந்தப் படி செய்கிறது. குளிர்ந்த பழத்தின்மேல் மாவை வைத்தால், பழம் சூடேறுவதற்குள் வெண்ணெய் உருகி, பேக்கிங் பவுடரின் வீரியமும் வீணாகி, மாவின் அடிப்பக்கம் சாற்றை உறிஞ்சிக்கொண்டு களியாகிவிடும்; கொதிக்கும் பழத்தின்மேல் வைத்தாலோ, மாவின் அடிப்பக்கம் தொட்ட நொடியிலேயே வேகத் தொடங்கும். என் முதல் காப்ளர் கெட்டதற்கும், அதன்பின் செய்தவை தேறியதற்கும் இடையே இருந்த வேறுபாடு இந்தப் பதினைந்து நிமிடம் மட்டுமே.

பழம் ஓவனில் இருக்கும் நேரத்தில் மாவைத் தயார் செய்யலாம். மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு ஆகியவற்றைக் கலந்து, குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிச் சேர்த்து, விரல்நுனிகளால் மாவோடு தேய்த்து உதிர்க்க வேண்டும். பட்டாணி அளவில் வெண்ணெய்த் துண்டுகள் ஆங்காங்கே தெரியும்போதே நிறுத்திவிடுங்கள். சுடும்போது அந்தத் துண்டுகள் உருகி விடும் ஆவியே மாவை அடுக்கடுக்காகப் பிரித்து மென்மையாக்கும். உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் இளகிவிட்டால், கிண்ணத்தோடு பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். சென்னை வெயிலில் இது தவிர்க்க முடியாதது. பழம் குமிழியிடத் தொடங்கிய பிறகே மோரை ஊற்ற வேண்டும். ஊற்றியபின் முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை கிளறினால் போதும். மாவு ஈரமாக, ஒழுங்கற்று, வடைமாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கும். உலர்மாவு ஓரிரு இடத்தில் தெரிந்தாலும் கவலை வேண்டாம்.

சூடான பாத்திரத்தை வெளியே எடுத்து, மாவை ஒரு பெரிய கரண்டியால் எட்டு அல்லது ஒன்பது குவியல்களாகப் பழத்தின்மேல் வையுங்கள். குவியல்களுக்கு இடையே விரலகல இடைவெளி இருக்க வேண்டும். மாவைப் பரப்பி முழுவதுமாக மூடிவிட்டால், பழத்திலிருந்து எழும் ஆவிக்கு வெளியேற வழி இராது. அது மாவுக்கு அடியிலேயே தங்கி அதனை நனைக்கும். குவியல்களைத் தடவிச் சமன்படுத்தவும் கூடாது, மேடுபள்ளமாக இருந்தால்தான் மேடுகள் மொறுமொறுப்பாகும். மேலே சர்க்கரையைத் தூவி, ஓவனின் நடுத்தட்டில் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் வரை சுடுங்கள். சாறு பொங்கி வழியக்கூடும் என்பதால் கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்வது நல்லது.

வெந்ததா என்பதை நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். நடுவில் உள்ள குவியல் ஒன்றைக் கரண்டியால் நிமிர்த்தி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இட்லியின் உட்புறம்போலப் பஞ்சாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் மாவின் நடுவில் குத்திப் பார்க்கலாம். 93 டிகிரி செல்சியஸ் காட்டினால் வெந்துவிட்டது. சாறும் ஓரத்தில் மட்டுமின்றி நடுவிலும் கெட்டியாகக் கொதித்திருக்க வேண்டும், கொதி வராத கார்ன்ஃப்ளோர் பாகைக் கெட்டியாக்காது. மேற்பகுதி முன்னதாகவே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடிச் சுடுதலைத் தொடருங்கள்.

ஓவனிலிருந்து எடுத்ததும் பரிமாறிவிட வேண்டாம். குறைந்தது இருபது நிமிடம் ஆறவிட்டால்தான் பாகு இறுகிப் பழத்தோடு ஒட்டும். உடனே அள்ளினால் சாறு தண்ணீராக ஓடுவதோடு நாக்கும் சுட்டுக்கொள்ளும். மணம் வீட்டை நிறைக்கும்போது குழந்தைகளைக் காத்திருக்கவைப்பதுதான் இதில் கடினமான வேலை.

மாவைக் கரைத்து ஊற்றும் முறை

டெக்சாஸிலும் தென்மாநிலங்கள் பலவற்றிலும் இன்னொரு முறையும் வழக்கத்தில் இருக்கிறது. மேற்சொன்னதைவிட எளிதான அதில், 113 கிராம் வெண்ணெயைப் பாத்திரத்தில் இட்டு ஓவனிலேயே உருக்கிக்கொள்வார்கள். ஒரு கோப்பை மைதா, ஒரு கோப்பை சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு, ஒரு கோப்பை பால் ஆகியவற்றைத் தோசைமாவுபோலக் கரைத்து, உருகிய வெண்ணெயின்மேல் ஊற்றி, அதன்மேல் நறுக்கிய பழத்தைச் சாற்றோடு பரப்பி, 175 டிகிரியில் 45 முதல் 55 நிமிடம் வரை சுட வேண்டும். எந்தக் கட்டத்திலும் கிளறக் கூடாது. கீழே ஊற்றிய மாவு பழத்தைச் சுற்றி மேலெழுந்து, தானே மேலடையாகிவிடும். முதல் பிறந்தநாளுக்கோ திடீர் விருந்தினருக்கோ இது கைகொடுக்கும். ஆயினும் இதன் பதம் கேக்கை ஒத்திருக்கும். பழமும் மாவும் தனித்தனியே தெரியும் முதல் முறையையே நான் விரும்புகிறேன்.

ஓவன் இல்லாத வீட்டில்

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்திலும் அதை அடுத்த கனடாவின் கடலோர மாநிலங்களிலும் இதே பழத்தையும் மாவையும் அடுப்பின் மேலேயே சமைக்கும் மரபு உண்டு. அதற்கு ஸ்லம்ப் என்றும் கிரண்ட் என்றும் பெயர். கொதிக்கும் பழம் மூடியின் அடியில் எழுப்பும் முனகல் ஒலியால் இரண்டாவது பெயர் வந்தது என்பர். அடிகனமான, இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் பழக்கலவையோடு கால் கோப்பை நீர் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மாவைச் சிறு உருண்டைகளாக மேலே வைத்து மூடி, சிறுதீயில் பதினைந்து நிமிடம் திறக்காமல் வேகவிட வேண்டும். மாவு சிவக்காது, மொறுமொறுப்பும் இராது. கொழுக்கட்டையைப் போல மென்மையாக வெந்து, சாற்றில் ஊறி நிற்கும். ஓவன் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளத்தக்க உறவுப் பண்டங்கள் சில உண்டு. ஓட்ஸும் வெண்ணெயும் சேர்த்த உதிரி மேற்பூச்சு இருந்தால் அது கிரிஸ்ப். ரொட்டித்தூளைப் பழத்தோடு அடுக்கினால் பிரவுன் பெட்டி. ஆப்பிளின்மேல் மூடிய மாவை உடைத்துச் சாற்றுக்குள் அமிழ்த்தினால் பாண்டவ்டி. வட கரோலினாவின் சர்ரி மாவட்டத்தார் தங்கள் சாங்கர் என்னும் பண்டத்தைக் காப்ளரின் ஒருவகை என்று சொல்ல உடன்படமாட்டார்கள்.

பரிமாறுதலும் எஞ்சியதைக் காத்தலும்

காப்ளரைத் துண்டு போட முடியாது. குழிந்த கிண்ணத்தில், மாவும் பழமும் பாகும் சமமாக வருமாறு ஆழமாக அள்ளி வைக்க வேண்டும். வெதுவெதுப்பான காப்ளரின்மேல் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் வைப்பது இன்று எங்கும் பரவியிருக்கும் வழக்கம். ஐஸ்கிரீம் உருகிப் பாகோடு கலக்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் உண்பதே இதன் உச்சச் சுவை. தென்மாநில உணவகங்களில் காப்ளரை உண்ண வாய்க்கும் சைவர்கள் ஒன்றை மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது: பழைய முறைப்படி செய்பவர்கள் மேல்மாவில் வெண்ணெய்க்குப் பதிலாகப் பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பதுண்டு.

எஞ்சியதை மூடிக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம். மீண்டும் சூடாக்கும்போது மைக்ரோவேவைத் தவிர்த்து, 175 டிகிரி ஓவனில் பதினைந்து நிமிடம் வைத்தால் மேல்மாவின் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். கண்ணாடிப் பாத்திரமானால் குளிர் தணிந்த பிறகே ஓவனில் வைக்க வேண்டும், இல்லையேல் விரிசல் விடும். சூடாக்கவே விருப்பமில்லாதவர்கள், மறுநாள் காலை அதனைக் கிண்ணத்தில் இட்டு, லெட்டிஸ் பிரயன் 1839இல் எழுதியபடியே குளிர்ந்த பாலை ஊற்றி உண்டு பாருங்கள். இரவு முழுவதும் பாகில் ஊறிய மாவுக்கு அந்தப் பால் மிகவும் பொருந்தும்.